குழந்தைகளின் மதிய டப்பா: அன்றும் இன்றும்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தைகளின் உணவுப் பழக்கம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டரும் இல்லை, உணவியல் நிபுணரும் இல்லை. 31 வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மத்தியான இடைவேளையில் வகுப்பைச் சுற்றி வரும்போது ஆயிரக்கணக்கான டப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

"அந்தக் காலத்தில் நாங்கள் தட்டில் போட்டதை எல்லாம் சாப்பிட்டோம், இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிப்பதில்லை" என்று பேசி முடித்துவிட்டால் எல்லோரும் கை தட்டுவீர்கள். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்தேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் படித்தேன். பகல் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவோம். சாதம், ஒரு குழம்பு, மோர். கறி என்பது கொல்லையில் காய்த்ததைப் பொறுத்தது. பிறகு உயர்நிலைப் பள்ளிக்கு டவுனுக்குப் போனபோது எவர்சில்வர் சம்படத்தில் தயிர் சாதம். ஒரு நாள் மாவடு, ஒரு நாள் நார்த்தங்காய், அவ்வளவுதான் மாறுதல். காலையில் சூடான சாதத்தைக் குழையப் பிசைந்து, நிறையப் பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் விட்டுக் கட்டிக் கொடுப்பாள் அம்மா. மத்தியானம் திறந்தால் புளிக்காமல் பதமாகத் தோய்ந்திருக்கும்.

ருசியாகத்தான் இருந்தது. ஆனால் சத்து என்று பார்த்தால்? தயிர் சாதத்திலும் ஊறுகாயிலும் இரும்புச் சத்து மிகக் குறைவு. பருப்பும் இல்லை, காயும் இல்லை. ஆகவே, நாங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டதற்குச் சாப்பாட்டின் மகிமை மட்டும் காரணமில்லை. மூன்று காரணங்கள் இருந்தன. பசி இருந்தது. பக்கத்தில் கூட உட்கார்ந்து சாப்பிட ஆட்கள் இருந்தார்கள். இரண்டு வேளைக்கு நடுவில் கொறிக்க ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு எள்ளுருண்டையோ, சுண்டலோ கிடைத்தால் அதுவே விசேஷம்.

இன்றைய குழந்தைக்கு இந்த மூன்றும் இல்லை. 7 மணிக்குப் பள்ளிப் பேருந்து. அரைத் தூக்கத்தில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு ஏறுகிறது. பத்து மணிக்கு பிஸ்கட். மத்தியான இடைவேளை இருபது நிமிஷம், அதில் கை கழுவ வரிசை வேறு. சாயங்காலம் வந்ததும் சிப்ஸ். ராத்திரி கையில் போனை வைத்துக்கொண்டு, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பாடு முடிகிறது. 1983-ல் மாகி நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, அதனால்தான் எல்லாம் கெட்டது என்கிறோம். வீட்டில் கைகள் குறைந்துபோன காலமும் அதுதான். பாட்டி, அத்தை, சித்தி என்று நாலு பேர் செய்த வேலையை விடியற்காலை 5 மணிக்கு ஒருத்தி தனியாகச் செய்கிறாள். எட்டரைக்கு அவளும் ஆபீஸ் போக வேண்டும். அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1956-ல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. எங்கள் கிராமத்துப் பள்ளியிலும் ஏழைக் குழந்தைகள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாங்கள் வீட்டுக்கு ஓடினோம். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசின் திட்டம் வந்தது. சமைத்த உணவாகவே கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2021-ல் அதற்கு பி.எம். போஷண் என்று பெயர் மாறியது. அந்தத் திட்டத்தின் அளவு என்ன தெரியுமா? ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறாம் வகுப்புக்கு மேல் பருப்பு 30 கிராம், காய் 75 கிராம்.

எல்லா இடத்திலும் இந்த அளவு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கும் நம் வீட்டுக் குழந்தையின் டப்பாவில் 50 கிராம் காய் இருக்கிறதா? நாளைக் காலை தராசில் நிறுத்துப் பாருங்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தால் பருப்பு எங்கே? ஜாம் தடவிய ரொட்டியில் என்ன இருக்கிறது? 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 28 சதவீதம் பேருக்கும் ரத்த சோகை இருந்தது. வசதியான வீடுகள் இதற்கு விலக்கல்ல. காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த குழந்தைகளை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். பலரும் நல்ல வசதி உள்ள வீட்டுக் குழந்தைகள்.

இன்னொரு விஷயம், வெளியூரில் வாழும் நமக்கே உரியது. என் வகுப்பில் நம்மவர் வீட்டுப் பையன் ஒருவன் டப்பா மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிடுவான். தயிர் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறான் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். பாதிச் சாதம் தினமும் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எல்லா டப்பாவையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடலாம் என்று ஏற்பாடு செய்தேன். அவன் கொண்டுவந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஐந்து நிமிஷத்தில் காலி. அவன் முதல் முறையாக மேத்தி பராட்டா சாப்பிட்டான். வீட்டில் கீரையைத் தொடாத பையன்!

அந்தப் பையனின் பாட்டி பள்ளிக்கே வந்துவிட்டார். "யார் டப்பாவில் என்ன இருக்குமோ, நீங்கள் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார். "மாமி, வந்து பாருங்கோ" என்று வெள்ளிக்கிழமை அழைத்தேன். ஒரு சின்னப் பெண் தன் டப்பாவை அவனிடமிருந்து நகர்த்தி, "இதில் முட்டை இருக்கிறது, உனக்கு வேண்டாம்" என்று தானாகவே சொல்லிற்று. பாட்டி பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பதினைந்து இட்லி வந்தது.

ஆகவே என் வேண்டுகோள் சில.

தயிர் சாதத்தை விட வேண்டாம். அதனோடு பருப்பு உசிலியோ, சுண்டலோ, ஒரு காயோ சேரட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்று கூட இருந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு காபியும் டீயும் அதைத் தடுக்கும். பெரிய பிள்ளைகளுக்கும் அந்த வேளையில் வேண்டாம்.

இருபது நிமிஷத்தில் சாப்பிட்டு முடிக்கக் கூடியதை, கொஞ்சமாக வையுங்கள். டப்பா நிறைந்திருந்தாலே குழந்தைக்கு மலைப்பு.

மீதி வந்தால் திட்டாதீர்கள். "ஏன் மிச்சம்?" என்று கேட்காமல், "இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேளுங்கள். காரணம் தானே வெளிவரும்.

சாயங்காலப் பாக்கெட்டுகளை வாங்காதீர்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்திருக்கிறது. நம் சமையலறை அலமாரிக்கு எந்த அதிகாரி வந்து விதி போடுவார்?

ராத்திரிச் சாப்பாடாவது எல்லோரும் சேர்ந்து, போன் இல்லாமல். கடைசியாக, இங்கே வந்திருக்கும் அப்பாக்களுக்கு: காய் நறுக்குவதற்கும் டப்பா கட்டுவதற்கும் ஆண் பெண் என்ற பேதம் கிடையாது. நம் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர்கள் ஆண்கள்தானே? ஒரு குழந்தைக்கு டப்பா கட்டுவது எவ்வளவு பெரிய காரியம்?