விசையும் இயக்கமும்: மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

(நமது மாலை நேர வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆறாம், ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ என்று ஒரு பாடம். நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். “விசை என்றால் என்ன, வாயால் சொல்” என்றால் விழிக்கிறார்கள். தினமும் விசைப்படகைப் பார்க்கிற பிள்ளைகள்!

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் நாட்டுப்படகைத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். தள்ளுவதும் இழுப்பதும்தான் விசை. நிற்பதை நகர்த்தும், நகர்வதை நிறுத்தும், திசையைத் திருப்பும். மணலில் கிடக்கும் படகை ஒருவர் தள்ளினால் அசையாது, உராய்வு தடுக்கிறது. தண்ணீரில் மிதக்கத் தொடங்கினால் அந்த ஒருவரே போதும். விசைப்படகின் அடியில் சுழலும் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, தண்ணீர் படகை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். அந்தப் படகு கடலில் எவ்வளவு சுற்றினாலும், கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டால் இடப்பெயர்ச்சி சுழி. தேர்வில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

நிலைமம்தான் கொஞ்சம் கடினம். உருட்டிவிட்ட பந்து தானாக நிற்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. அரிஸ்டாட்டிலும் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும் என்று நினைத்தார். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா, தடுக்க எதுவும் இல்லாவிட்டால் எறிந்த பொருள் நிற்கக் காரணமே இல்லை என்று வாதிட்டார். கலிலியோ சோதனை செய்து பார்த்தார். 1687-இல் நியூட்டன் அதை விதியாகவே எழுதினார். பந்து தானாக நிற்கவில்லை, தரை நிறுத்துகிறது.

இந்த விதியை நம் வகுப்பு மாணவர் ஒருவர் சாலையில் படித்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே பைக்கில் மூன்று பேர். ஓட்டியவருக்கு வயது பதினைந்து. குறுக்கே ஆடு வந்தது, பிரேக் பிடித்தார், வண்டி நின்றது. பின்னால் எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த நம் பிள்ளை நிற்கவில்லை. பிரேக் பிடித்தது சக்கரத்தைத்தானே, அவரை அல்ல! அல்ஹம்துலில்லாஹ், காலோடு போயிற்று. மூன்று மாதம் படுக்கை. பேருந்தில் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே கணக்குதான். அங்கே முன்னால் கம்பி இருக்கிறது, இங்கே தார்ச்சாலை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 10 மீட்டர். 72 என்றால் 20 மீட்டர். ஆட்டைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 20 மீட்டர் போய்விட்டது; பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை. பிடித்த பிறகும், வேகம் இரண்டு மடங்கானால் நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்கு. இரண்டு மடங்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், பெரியவர்களும். சாலையில் கடல்மணல் படிந்திருந்தால் உராய்வு குறைந்து தூரம் இன்னும் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடி மட்டத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஹெல்மெட் போடாமல் கிளம்பும்போது யாரும் மாடியை நினைப்பதில்லை.

பெற்றோர்களே, பிள்ளை கெஞ்சினான் என்று சாவியைக் கொடுக்கிறோம். “பக்கத்துக் கடைக்குத்தானே” என்கிறோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதாகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் மைதானத்தில் கூடுவோம். சைக்கிளை மெதுவாக ஓட்டி ஒரு கோட்டில் பிரேக் பிடிப்போம், பிறகு வேகமாக ஓட்டி அதே கோட்டில் பிடிப்போம். நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து அளப்போம். நல்ல பிரேக் உள்ள சைக்கிளும் அளவு நாடாவும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். அத்தாமார்களும் வரலாம்.