ஆராய்ச்சிக்கூடம் நம் பக்கம் வரட்டும்
(கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, போனஸ் என்று பேச வேண்டிய கூட்டத்தில் இவன் மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். அது படித்தவர்கள் சமாசாரம், பால் வெட்டுகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். நம் உயிர் இருக்கிறது, தோழர்களே!

1900-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் அரசாங்கம் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவியது. வெள்ளைக்காரன் நம்மீது வைத்த இரக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆள் விழுந்தால் சுரங்கமும் தோட்டமும் நின்றுபோகும், அந்தக் கணக்குத்தான். ஆனாலும் அரசாங்கப் பணத்தில் நடந்த வேலையின் பலன் நமக்கும் வந்து சேர்ந்தது.

பெரிபெரி என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இதில் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். அதே நாட்டில் உழைத்த தமிழர்களுக்கோ இந்நோய் அநேகமாக வருவதில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். சாமியும் காரணமல்ல, சாதியும் காரணமல்ல. நம்மவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. அவர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி.

1905 இறுதியில் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பாதிப் பேருக்குப் பச்சரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் போட்டுப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கலரிசிப் பந்தியில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. வாயில்லா நோயாளிகளை வைத்து இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்டால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன். பிறகு ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும், காட்டில் ரோடு போட்ட ஜாவாத் தொழிலாளர்களிடையே சோதித்து, 1909-இல் இதை உறுதிப்படுத்தினார்கள். தவிட்டோடு போய்விடுகிற சத்து, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அறியாமலே செய்த வைத்தியம் அது!

மலேரியாவும் அப்படித்தான். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வெட்டி வடித்தார், காய்ச்சல் குறைந்தது. அதே வித்தையை மலைத் தோட்டங்களில் காட்டினால் காய்ச்சல் ஏறியது! காரணம், கொசு வேறு. கரையோரக் கொசு நிழல் விழுந்த சேற்று நீரில் வளரும். மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும். காட்டை வெட்டி வெயிலை விட்டால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே அங்கே ஓடையில் எண்ணெய் ஊற்றினார்கள், தண்ணீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள். லண்டனில் உட்கார்ந்து புத்தகம் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்குமா? காலடியில் சேறு பட்டவருக்குத்தான் தெரிந்தது.

பழங்கதை போதும். இன்றைக்கு வருவோம்.

2018 முதல் நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா இல்லை. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. நோலெசி என்பது அந்தக் கிருமியின் பெயர். குரங்கைக் கடித்த காட்டுக் கொசு, காட்டோரத்தில் வேலை செய்கிறவனையும் கடிக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது, சாவும் உண்டு. கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால், இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று படுத்திருப்பது ஆபத்து.

இதைக் கண்டுபிடித்த இடம் எது? தலைநகரமல்ல. சரவாக்கில் ஆற்றோர ஊரான காப்பிட். அங்கே மருத்துவமனைக்கு வந்தவர்களின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சாதுவான வேறொரு மலேரியா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நோயாளிகள் சாதுவான காய்ச்சலில் விழுந்தவர்களாகத் தெரியவில்லை. சரவாக்கின் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவருடன் உழைத்தவர்களும் மரபணுச் சோதனை செய்தார்கள். 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியா! 2004-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 1992-இல் தோன்றியிராவிட்டால், அந்த 120 பேரும் தப்பான பெயரோடு ஏட்டில் கிடந்திருப்பார்கள்.

ரப்பர்க் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் இருட்டோடு போகிறவர்கள் யார்? நாம். இன்று நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். பூதக்கண்ணாடியால் மட்டும் இந்தக் கிருமியைப் பிரித்தறிவது கடினம். ஆராய்ச்சிக்கூடச் சோதனை வேண்டும். அது பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குப் பணம் போடு என்று முதலாளியைக் கேட்டால், விலை இறங்கிவிட்டது என்பார். மருந்துக் கம்பெனிக்கு ஏழையின் காய்ச்சலில் லாபமில்லை. அரசாங்கம்தான் போட வேண்டும். நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறேன்: தோட்டங்களும் காடுகளும் உள்ள மாநிலங்களில் மலேரியா ஆராய்ச்சிக்கும் சோதனைக்கூடங்களுக்கும் மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் நிரந்தர ஒதுக்கீடு செய்ய வேண்டும், சோதிக்கப்படும் தொழிலாளியிடம் அவர் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும், முடிவை அவருக்கே முதலில் சொல்ல வேண்டும், பத்திரமில்லாத தொழிலாளி ரத்தம் கொடுக்க வந்தால் அவரைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது. வழிமொழிகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.