பனி எழுதிய பதிவேடு



அறிவியலைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொதுப்படப் பேசினால் பொழுது போகும், பயன் இராது. ஆகவே ஒரே ஒருவருடைய ஆராய்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு பதிவேட்டைப் பற்றியது. பதிவேடுகளோடு மாரடிப்பதுதானே தலைமையாசிரியர் வேலை!

நாம் பணியில் சேர்ந்த புதிதில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறந்த தேதியைக் கேட்டால், "பெரிய வெள்ளம் வந்ததே ஐயா, அதற்கு மறுவருஷம்" என்பார்கள். வெள்ளம் வந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட்டு எழுதிக்கொள்வோம். லோனி தாம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் பனிக்கட்டியின் வயதைக் கண்டதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இவர் 1948-இல் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியா என்னும் நிலக்கரி மாநிலத்தின் சிற்றூரில் வளர்ந்தவர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நிலக்கரியைப் பற்றிப் படிக்கவே சென்றார். பனியில் மனம் ஈடுபட்டுவிட்டது. அக்காலத்தில் பனி ஆராய்ச்சியாளர்கள் துருவங்களையே நாடினர். இவரோ மக்கள் மிகுதியாக வாழும் வெப்ப மண்டலத்து மலைகளின் பனியைத் தேடினார். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், 5,670 மீட்டர் உயரத்தில் கெல்காயா என்னும் பனிப்பரப்பு உள்ளது. அது மனிதர் வேலை செய்ய முடியாத உயரம், அங்கே துளையிடும் கருவியும் இல்லை என்று மூத்த அறிஞர் ஒருவர் சொல்லிவிட்டார். 1979-இல் ஹெலிகாப்டரில் கருவிகளை ஏற்ற முயன்றபோது, மெல்லிய காற்றில் அது உயர மாட்டாமல் திரும்பிற்று. 1983-இல் சூரிய ஒளியால் இயங்கும் துளைக்கருவி ஒன்றைக் குதிரைகளின் மேலும் மனிதர் முதுகிலும் ஏற்றிச் சென்று, 160 மீட்டர் அளவுக்குப் பனித்தண்டுகளை எடுத்தார். சுமை தூக்கியவர்களையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். சுமப்பது எத்தகையது என்பதை இந்த அவையில் பலர் அறிவர்.

அந்தத் தண்டில் என்ன இருக்கிறது? மழைப்பருவத்தில் வெண்பனி படிகிறது. வறண்ட பருவத்தில் காற்று கொண்டுவரும் தூசு அதன்மேல் ஒரு கோடாக விழுகிறது. இவ்வாறு ஆண்டுக்கு ஓர் ஏடு. மரத்தின் வளையங்களைப் போல எண்ணலாம். எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க, 1600-இல் வெடித்த உவாய்னாபுத்தினா எரிமலையின் சாம்பல் உதவிற்று. அதுவே அவருக்கு 'வெள்ளம் வந்த ஆண்டு'. கெல்காயா ஏறத்தாழ 1,500 ஆண்டுக் கணக்கைத் தந்தது. பனியிலுள்ள கனமான ஆக்சிஜன் அணுவுக்கும் இலேசானதற்கும் உள்ள விகிதம், அக்காலத்துத் தட்பவெப்பத்தைக் கூறும்.

இனி நம் நாட்டோடு தொடர்புடையதற்கு வருவோம். 1997-இல் தாம்சன் குழுவினர் திபெத்தின் ஷிஷாபங்மா மலைப்பகுதியில், டாசுவோபு என்னும் பனியாற்றில், 7,200 மீட்டர் உயரத்தில் துளையிட்டனர். அதன் முடிவுகள் 2000-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. தென்மேற்குப் பருவக்காற்று பொய்க்கும்போதெல்லாம் அங்கே படியும் பனியில் தூசும் குளோரைடு என்னும் உப்புப் பொருளும் மிகுகின்றன. ஆயிரம் ஆண்டு ஏடுகளில் வறட்சிகள் பல இருந்தும், 1790 முதல் 1796 வரை நிகழ்ந்ததை விஞ்சியது ஒன்றுமில்லை.

அந்த வறட்சியின் காலத்தில்தான் தக்காணத்திலும் குஜராத்திலும் மார்வாரிலும் பெரும் பஞ்சம் வந்தது. அதற்கு மண்டையோட்டுப் பஞ்சம் என்று பெயர். பிணங்களை எரிக்கவோ புதைக்கவோ ஆளின்றி எலும்புகள் வெளியில் கிடந்தமையால் வந்த பெயர் அது. நம் பக்கத்து முதியோர் சொல்லும் தாது வருடப் பஞ்சம் பின்னர், 1876-இல் தொடங்கியது. பஞ்சமென்று வந்தால் நிலமற்றவரும் அன்றாடக் கூலிக்காரரும்தாம் முதலில் விழுவர். மடிந்த நம்மவர் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது? நிலத்துக்குப் பட்டா இருந்தவன் பெயர் இருக்கும். அந்நிலத்தில் உழைத்தவன் பெயர் இராது. பனியும் பெயரைச் சொல்வதில்லைதான். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளை யாருக்கும் அஞ்சாமல், யாருக்கும் சலுகை காட்டாமல் குறித்து வைத்திருக்கிறது.

அப்பதிவேடு இப்போது அழிந்துகொண்டிருக்கிறது. மானசரோவர் ஏரிக்கு அருகிலுள்ள நைமோனானியில் 2006-இல் பனித்தண்டு எடுத்தார்கள். 1950-களிலும் 1960-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தடம் உலகெங்கும் பனியில் பதிந்துள்ளது. அங்கே அதைக் காணவில்லை. அந்த ஆண்டுகளின் பனியே உருகிப் போய்விட்டது. மேல் ஏடுகள் கிழிந்துவிட்ட புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்காயாவிலோ பனி பின்வாங்கிய விளிம்பில் செடிகள் வெளிப்பட்டன. சோதித்ததில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் பனியில் புதைந்தவை என்று தெரிந்தது. அத்தனை காலம் மூடியிருந்த பனி நம் காலத்தில் விலகியிருக்கிறது.

எடுத்த தண்டுகள் ஒஹாயோவில் மைனஸ் 30 பாகைக்கும் குறைவான குளிர் அறையில் காக்கப்படுகின்றன. மூலப்பனி உருகிவிட்டால் எஞ்சுவது அந்தப் படிதான்.

2012-இல் தாம்சனுக்கு இதய மாற்று அறுவை நடந்தது. மூன்றாண்டு கழித்து, 67-ஆம் வயதில், தாம் 1992-இல் துளையிட்ட திபெத்தின் குலியா பனிமேட்டுக்கு மீண்டும் ஏறிச்சென்று தண்டு எடுத்தார்.