பெருக்குமுன் ஒரு கேள்வி



நாணயமொன்றைச் சுண்டுகிறோம். ஐந்து முறையும் தலையே விழுந்தது. ஆறாம் முறை பூ விழுந்தே தீருமென்று பந்தயம் கட்டுபவர் ஏமாறுவார். நடந்தவற்றை நாணயம் நினைவில் வைப்பதில்லை. வாய்ப்பு அப்போதும் சரிபாதியே. இவை சாரா நிகழ்ச்சிகள். இவற்றின் நிகழ்தகவுகளை ஒன்றோடொன்று பெருக்கலாம்.

ஆனால், வீட்டில் அண்ணனுக்குப் பொக்குளிப்பான் கண்டால், தம்பிக்கும் அது வரக்கூடிய வாய்ப்பு முன்போலவா இருக்கும்? கூடிவிடுமன்றோ! ஒன்று நடந்துவிட்டதென்று அறிந்தபின் மற்றதற்குள்ள வாய்ப்பையே நிபந்தனை நிகழ்தகவு என்கிறோம்.

இவ்வேற்றுமையை மறந்த கணக்கொன்று ஒரு தாய்க்கு எதிராக நீதிமன்றம் ஏறியது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் சட்டத்தரணியின் கைக்குழந்தைகள் இருவர் 1996, 1998 ஆம் ஆண்டுகளில் இறந்தனர். தாய்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் குழந்தையொன்று காரணமறியாது திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 8,543 இல் ஒன்று என்றார் மருத்துவ நிபுணர் ஒருவர். அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, இருமுறை அவ்வாறு நேர்வது ஏறக்குறைய 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்று என்றும் சாட்சி சொன்னார். 1999 இல் ஆயுட்டண்டனை விதிக்கப்பட்டது.

ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரத்தமும் ஒன்று, வீடும் ஒன்று. அவர்கள் சுண்டிய நாணயங்களா? 2001 இல் பிரித்தானிய அரச புள்ளிவிபரவியற் கழகம் இக்கணக்கைக் கண்டித்தது. முன்னர் வெளியிடப்படாதிருந்த மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் வெளிவர, 2003 இல் அத்தாய் விடுதலையானார். 2007 இல் மறைந்தார்.

இளைஞர்களே, எண்களைப் பெருக்குமுன் கேளுங்கள்: ஒன்று மற்றதைச் சார்ந்ததா? அக்கேள்வியில் ஓர் உயிரின் நீதி தங்கியிருக்கலாம்.