பறித்தபின் பழுக்காத பழம்



35 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகிய எனக்கு, ஓய்வு பெற்றபின் 9 வயதுப் பேத்தியிடம் ஒரு பாடம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அது நடந்த இடம் பள்ளியன்று, ஒரு பழத்தோட்டம்.

அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் என் மகளின் குடும்பம் வாழ்கிறது. நானும் என் மனைவியும் அங்குச் சென்றிருந்தபோது, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், "அப்பா, இன்று எல்லோரும் புளூபெர்ரி பறிக்கப் போகிறோம், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் மகள். யாருடைய தோட்டம் என்று கேட்டேன். யாருடையதோ ஒரு குடியானவருடையதாம். வருவோர் தாமே பறித்து, நிறுத்து, எடைக்கு விலை கொடுத்துச் செல்லலாமாம். பழம் பறிக்கும் கூலி குடியானவருக்கு மிச்சம். சற்று மலிவாகப் புதுப்பழம் கிடைப்பது நமக்கு இலாபம்.

புளூபெர்ரி என்னும் அந்த நீலப்பழம் ஏறத்தாழ நம் சுண்டைக்காய் அளவினது. அதன்மேல் திருநீறு பூசினாற்போல மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று படிந்திருக்கும். செடி ஆள் உயரம் வளரும். ஒரே கொத்தில் பச்சைக் காயும், செந்நிறச் செங்காயும், நீலக் கனியும் கலந்து தொங்கும். ஆதலின் கொத்தோடு ஒடித்தல் ஆகாது. கனிந்ததை மட்டும் ஒவ்வொன்றாய் எடுக்க வேண்டும். வாயிலில் ஆளுக்கொரு வாளி கொடுத்தார்கள். பறிக்கும்போதே இரண்டொன்று சுவைத்துப் பார்ப்பதை அங்கே எவரும் குற்றமாக எண்ணுவதில்லை. எனினும், பிறர் தோட்டத்துப் பழத்தில் கை வைக்காதே என்று ஆண்டாண்டாய்ப் பிள்ளைகளுக்கு ஓதிய எனக்கு, விலை கொடுக்குமுன் ஒரு பழத்தை வாயில் இடக் கூச்சமாகவே இருந்தது. என் மனைவிக்கு அத்தகைய இடர்ப்பாடு ஒன்றும் இல்லை.

என் பேத்திக்குத் தமிழ் நன்றாக விளங்கும்; மறுமொழி மட்டும் ஆங்கிலத்திலேயே வரும். "தமிழில் சொல்" என்று நான் வற்புறுத்துவேன். அவள் பேச்சையே நிறுத்திவிடுவாள். வந்து மூன்று வாரமாகியும் எங்களிடையே இதே நிலைதான். அன்று இருவரும் ஒரே வரிசையில் பறித்துக்கொண்டிருந்தோம். நான் செங்காய்களையும் சேர்த்து வாளியில் இடுவதைக் கண்டு, அவை வேண்டாம் என்று தடுத்தாள். "இரண்டு நாள் வைத்தால் பழுத்துவிடும். மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைப்பதை நீ பார்த்ததில்லை" என்றேன். அவள் விடவில்லை. கட்டைவிரலால் மெல்ல உருட்டினால் எது தானே கையில் விழுகிறதோ அதுதான் பழம் என்று செய்தும் காட்டினாள். எனக்குச் சினம் வந்தது. "பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று அதட்டினேன். அவள் தன் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

அந்தச் செடியின் வரலாற்றை நான் பின்னர்தான் படித்தறிந்தேன். நூறாண்டுகளுக்கு முன்வரை இது காட்டுச் செடி; தோட்டத்தில் வளராது என்பதே மக்கள் துணிபு. நல்ல நிலத்தில் எருவிட்டு நட்டவர்கள் அது பட்டுப்போகக் கண்டு கைவிட்டார்கள். அரசின் வேளாண்மைத் துறையில் பணியாற்றிய பிரெடெரிக் கோவில் என்ற தாவர அறிஞர் (பெயர்தான் கோவில், நம் கோயிலோடு தொடர்பு ஏதும் இல்லை) இதற்கு வேண்டுவது கொழுத்த மண்ணன்று, புளிப்புத்தன்மையுள்ள மண்ணே என்பதைச் சோதனைகளால் கண்டு 1910-இல் வெளியிட்டார். நியூஜெர்சியில், பைன் மரங்கள் அடர்ந்த மணற்பாங்கான தரிசு நிலப் பகுதியில், ஒயிட்ஸ்பாக் என்னுமிடத்தில் தந்தையாரின் பண்ணையைக் கவனித்து வந்த எலிசபெத் ஒயிட் என்ற அம்மையார் அதைப் படித்து, 1911-இல் அவருக்குத் தம் நிலத்தையும் உதவியையும் அளிக்க முன்வந்தார்.

அம்மையார் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டை நன்கறிந்தவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களிடம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ள துளையிட்ட அளவுத் தகடுகளைக் கொடுத்தார். அத்துளையில் நுழையாத அளவு பெரிய பழம் காய்க்கும் செடியைக் கண்டு சொல்வோர்க்குப் பணம். செடிக்கும் அவர்கள் பெயரே. ரூப் லீக் என்பவர் காட்டிய செடிக்கு மட்டும் சிறு சங்கடம் எழுந்தது. லீக் என்பது வெங்காய இனத்துச் செடியொன்றின் பெயர். பழத்துக்கு அது பொருந்துமா? முதற் பெயரோடு இரண்டாம் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து 'ரூபெல்' என்றார் அம்மையார். அவ்வினம் இன்றும் பயிராகிறது. 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. எழுத்தறிவு மிக்கவர் காணாததைக் காட்டில் திரிந்தவர் கண்டு சொன்னார். அம்மையாரும் அதைக் கேட்டுக்கொண்டார்.

நானோ அன்று கேட்டுக்கொள்ளவில்லை. நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்ததில் முதுகு நொந்தது. விற்பனைக்காகப் பறிக்கும் பண்ணைகளில் இதையே நாள் முழுதும் செய்யும் கூலித் தொழிலாளரை நினைத்துக்கொண்டேன்.

வாளியை நிறுக்கும் இடத்தில் இருந்த மூதாட்டி என் வாளியைப் பார்த்துச் சிரித்தார். மாங்காயில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. பறித்தபின் அது சர்க்கரையாக மாறுகிறது. இப்பழத்தில் அத்தகைய சேமிப்பு இல்லை. செடி ஊட்டும்வரைதான் இனிப்பு ஏறும். பறித்தபின் நிறம் சற்று மாறினாலும் புளிப்பு புளிப்பாகவே நிற்கும் என்று அவர் விளக்கினார். மகள் மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்கு நன்றாகவே விளங்கிற்று. பேத்தி அருகில் நின்றாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

வகுப்பறையில் தவறு செய்தால் கரும்பலகையைத் துடைத்துவிட்டு மேலே செல்லலாம். நானும் சில வேளை அங்ஙனம் செய்ததுண்டு. இங்கே துடைக்கப் பலகை இல்லை. "கண்ணம்மா, நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன். உன்னை அதட்டியதும் தவறு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. செங்காய்களுக்கும் சேர்த்தே விலை கொடுத்தோம்.

வண்டியில் திரும்பும்போது, சிறு வயதில் எங்கள் ஊர்க் கரட்டில் முள்ளுக்கிடையே களாப்பழமும் சூரைப்பழமும் பறித்துச் சட்டையைக் கறையாக்கிக்கொண்டதை என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்: "தாத்தா, களாப்பழம் புளிக்குமா?"

கேள்வி தமிழில் வந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டாமல், "புளிக்கும். ஆனால் ஊறுகாய்க்கு அதைப்போல வேறில்லை" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் என் மனைவி அந்தச் செங்காய்களில் வெல்லமும் மிளகாயும் சேர்த்து, கடுகு தாளித்துப் பச்சடி செய்தாள். பேத்தி தயிர்ச்சோற்றுக்கு அதை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.