பெயரில்லா மாத்திரையும் மகளின் மாண்பும்



பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் உழைக்கும் நம் பெண்பிள்ளைகளின் உடல்நலம், நாம் கூச்சப்பட்டுப் பேசாமல் விடும் பொருள். இன்று அதைச் சிந்திப்போம்.

2019-ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசியது. அவர்கள் அனைவருக்குமே மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்தில் பெயர் குறிப்பிடாத மாத்திரை தரப்பட்டிருந்தது. அதனால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். வலித்த உடல் ஓய்வு கேட்டது. பவர் டேபிள் நிற்கக் கூடாது என்பதற்காக அதன் வாயை மாத்திரையால் அடைத்தார்கள்.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் ஒரு விதி வகுத்தார்: எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது, ஒவ்வொருவரும் தம்மிலேயே ஒரு நோக்கம். 'வெறும்' என்ற சொல்லைக் கவனிப்போம். கூலி கொடுத்து வேலை வாங்குவது பாவமல்ல. ஆனால் விழுங்குவது என்னவென்றே அறியாத பெண், அதற்குச் சம்மதித்தாள் என்று எப்படிச் சொல்வது? பொருளுக்கு விலை உண்டு, மனிதருக்கு உள்ளதோ மாண்பு என்றும் காண்ட் பிரித்துக் காட்டினார்.

புனித இரண்டாம் யோவான் பவுல், திருத்தந்தையாவதற்கு முன் 1960-இல் எழுதிய 'அன்பும் பொறுப்பும்' நூலில் இவ்விதியை ஆண் பெண் உறவுக்கும் திருமணத்துக்கும் விரித்தார். ஒருவரைப் பயன்படுத்தாமல் இருப்பது மட்டும் போதாது. அன்பு செய்வதே அவருக்குத் தகும் என்றார்.

திருமணம் என்றதும் கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் மூன்றாண்டு தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தொகை எதற்கு? வரதட்சணைக்கு. 1961-லேயே சட்டம் தடை செய்தது அது. பவுன் கணக்குப் பேசும் குடும்பமும் அந்தப் பிள்ளைக்கு விலைதானே வைக்கிறது?

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், 12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் ஆண்டவரைத் தொடுகிறார். யாயிர் வீட்டுக்கு அவசரமாகச் சென்றுகொண்டிருந்தவர், அவருக்காக நடுவழியில் நிற்கிறார். அவர் சொன்ன உண்மை முழுவதையும் கேட்கிறார். 'மகளே' என அழைக்கிறார்.

நாமும் நின்று கேட்போம். மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்கவும், வலி தொடர்ந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்க்கவும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கண்காணிப்பாளராக, முதலாளியாக இருப்போர், வலியோடு வருபவருக்கு ஓய்வு தருவோம். பெண் பார்க்கப் போகும்போது நகைப் பேச்சை எடுக்காதிருப்போம்.

ஆண்டவரே, எங்கள் மகள்களில் உமது சாயலைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.