பழைய கார்ட் வண்டியும் அதன் பிரேக்கும்

பழைய பந்தயக் கார்ட் வண்டியொன்றைச் செப்பனிட முற்படுவோர் பெரும்பாலும் எஞ்ஜினிலிருந்தே தொடங்குகின்றனர். நாம் பிரேக்கிலிருந்து தொடங்குதல் நலம்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்தின் சிற்றெஞ்ஜினைக் குழாய்ச் சட்டமொன்றில் பொருத்தி ஓட்டினார். கார்ட் பிறந்த கதை அதுவே. அதற்கு வில்லும் இல்லை, டிஃபரென்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. ஆகையால் அவ்வச்சில் ஒரு பிரேக் இருந்தாலே போதும் என்று கருதினர். தொடக்கத்தில் கம்பியால் இழுக்கும் பட்டை பிரேக்குகளும், 1960-களில் திரவ அழுத்தத்தால் இயங்கும் வட்டத்தகட்டு பிரேக்குகளும் பரவின. அந்த ஒரு பிரேக் தவறினால் துணைக்கு வருவது வேறொன்றுமில்லை.

பழைமையைப் பேணுதல் என்னும் பெயரால் பழைய ரப்பரையும் பேணுவாருளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. காலிப்பரின் உலோக உடலைக் காக்கலாம். சீல்களையும் குழாய்களையும் தயங்காது மாற்றிவிட வேண்டும். கழற்றும்போது ஓர் எச்சரிக்கை: அந்நாளைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் கலப்பது வழக்கம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவரில் வெறும் கறையிருந்தால் மெருகிட்டுப் போக்கலாம். நகம் தடுக்குமளவு குழி விழுந்திருந்தால் மெருகு பயன்படாது. உள்ளே புதிய உலோக உறையிட வேண்டும், அன்றேல் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

கடைகளில் நாம் 'பிரேக் ஆயில்' என்று கேட்டு வாங்குவது உண்மையில் எண்ணெயன்று. அதற்கென அமைந்த ரப்பர் சீல்கள் எஞ்ஜின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ பட்டால் உப்பிக் கெடும். கழுவுவதற்கும் அதே பிரேக் திரவமே தக்கது. அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம்மவர் பலர் வாழும் மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில், மழைக்காலத்தில் திறந்து வைத்த டப்பாவை நம்பலாகாது. டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கும். ஈரமேறிய நிலைக்கு விதிக்கப்பட்ட எல்லையோ 140 பாகைதான். கொதித்தால் ஆவி உண்டாகும்; ஆவி அழுந்திக் கொடுக்கும்; மிதி வெறுமனே தரைவரை போய்விடும்!

பூட்டியபின், மெக்கானிக்குகள் 'ஏர் எடுத்தல்' என்று கூறும் வேலையைப் பொறுமையுடன் செய்ய வேண்டும். பின்னர் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் உள்ளே இன்னும் காற்று உண்டு. மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. மிதியையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் கம்பியோடு துணைக்கம்பி ஒன்றும் பூட்ட வேண்டும். இன்றைய சர்வதேசப் பந்தய விதிகள் இவ்விணைப்பு இரட்டையாக இருத்தல் வேண்டும் என்கின்றன. பழைய வண்டிக்கும் அது பொருந்தும்.

முதல் ஓட்டம் ஆளற்ற சமதரையில், நடைவேகத்தில் நிகழட்டும். பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திய பின் இறங்கி, ஒவ்வொரு குழாய் மூட்டையும் விரலால் தடவி ஈரமுண்டா என்று பாருங்கள்.